கண்ணை மூடிக் கேட்ட தொகுதி

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரே பாயும் தலையணையுமாகச் சந்தைத் திடலுக்குக் கிளம்பிவிடும். அன்றைக்குத்தான் சட்டமன்ற உறுப்பினர் மாத அறிக்கை வாசிப்பார். சட்டசபையில் என்ன பேசினார், எந்தத் துறைக்கு என்ன எழுதினார், தொகுதியில் எந்த வேலை முந்தி, எது பிந்தி, ஏன் பிந்தி என்று ஒன்று விடாமல் மக்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஓட்டு வாங்கினவன் வாயைத் திறந்து பதில் சொல்லணும் என்பார்.

அவர் வாயைத் திறந்தால் தொகுதி தூங்கிவிடும்.

ஏதோ கொஞ்சம் கண் அசருவது என்று நினைத்துவிடக் கூடாது. அடித்துப் போட்டாற்போல் தூக்கம். உறுப்பினரின் குரலில் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. நல்ல தச்சர் இழைத்துப் போட்ட பலகை மாதிரி ஒரே சீராக இருக்கும். முன்வரிசை முதல் பத்தியிலேயே போய்விடும். நடுவரிசை 'மேற்படி பொருள் தொடர்பாக' என்ற இடத்தில் சாயும். கடைசி வரிசை இளவட்டங்கள் யார் அதிக நேரம் விழித்திருப்பது என்று பந்தயம் வைத்துப் பார்த்தார்கள். ஜெயித்தது யார் என்று சொல்ல ஆள் மிஞ்சவில்லை. ஒருமுறை திடல் ஓரத்து டீக்கடையில் பொங்கிக்கொண்டு வந்த பால், பாத்திரத்தின் விளிம்புவரை வந்து, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அப்படியே கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்த்த கையோடு அவர்களும் தூங்கிவிட்டதால் சாட்சிக்கு மட்டும் வரமாட்டார்கள்.

ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ஊர் எல்லையில் ஓர் இரும்பாலை. அதன் சம்மட்டி ராத்திரி பகல் பார்க்காமல் விழும். ஒவ்வோர் அடிக்கும் கட்டில் ஒரு விரற்கடை நகரும். காலையில் எழுந்தால் கட்டில் வாசற்படியில் நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் மாதத்தில் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கவைக்கிற மனிதரைத் தோற்கடிக்க யாருக்கு மனசு வரும்? எதிர்க்கட்சிக்காரர்களே அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். அவர் தோத்துட்டா நாம எங்க போய்ப் படுக்கிறது என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. முதுகுக்குப் பின்னால் அவருக்குத் 'தாலாட்டு' என்று பெயர். முகத்துக்கு நேரே ஒருவரும் மூச்சு விட்டதில்லை.

அவருக்கோ ஒன்றும் தெரியாது. வாசிக்கிற கண்ணாடியை மாட்டினால் காகிதம் துலக்கமாகத் தெரியும், காகிதத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் வெறும் மங்கல். தன் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பைத் தளர்த்திக்கொண்டு, ஒருமித்த மனதோடு கேட்கிறார்கள் என்று நம்பினார். சட்டசபையிலும் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்; மற்ற உறுப்பினர்கள் பொறாமைப்பட்டார்களாம்.

அந்தத் திடலில் விழித்திருக்கும் ஒரே ஆள் மைக்செட்காரர். எந்த மேடையானாலும் "ஹலோ, ஹலோ" என்று சோதித்துச் சோதித்து அதுவே அவர் பெயராகிவிட்டது. அவர் மனைவிகூட, சண்டை என்று வந்தால், இந்த ஹலோ மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு என்றுதான் ஆரம்பிப்பாள். ஹலோக்காரரின் ஆம்ப்ளிஃபயர் கிழடு. அதன் குமிழைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்; விரல் கொஞ்சம் நழுவினாலும் காது கிழிகிற மாதிரி ஊளையிடும். புதுசு வாங்கக் கூடாதா என்று கேட்டால், அதுக்கும் என்னை விட்டா யார் இருக்கா என்பார். எனவே அவர் தூங்க வழியில்லை. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, விரலைக் குமிழில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உறுப்பினர் கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்ததும் விரலை லேசாகத் தூக்குவார். சின்னதாக ஓர் ஊளை. ஜனம் கண்ணைத் திறப்பதற்கு முன்பே கை தட்டிவிடும்.

பஞ்சு அடைத்த காதோடு அந்தத் திடலைப் பார்ப்பது ஹலோக்காரருக்கு மாதாமாதம் கிடைத்த பெரும் பேறு. கொதிகலன் ஆள் வாயைத் திறந்தபடி, பக்கத்து வீட்டுக்காரனின் தோளில். அந்தப் பக்கத்து வீட்டுக்காரனோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. தையற்காரம்மா விரலில் உறையோடு. போக்குவரத்துக் காவலர் ஊதலைப் பல்லில் கடித்தபடி தூங்குவார். மூச்சு விடும்போதெல்லாம் அது குருவிக்குஞ்சு மாதிரி மெல்லக் கீச்சிடும். கொஞ்ச நேரம் போனால் எல்லார் மூச்சும் ஒன்றாகிவிடும். திடல் முழுக்க ஒரே மார்பாக ஏறி, ஒரே மார்பாக இறங்கும். கடல் பார்க்காத மனிதர் அவர். பார்த்திருந்தால் இப்படித்தான் மலைத்திருப்பார்.

அப்படி ஆச்சரியப்பட்டாரே ஒழிய, உறுப்பினர் என்னதான் வாசிக்கிறார் என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

அவர் வினை அங்கேதான் இருந்தது.

ஹலோக்காரருக்கு ஒரே மகள். போன வருடம் அவள் புருஷன் வீட்டில், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில், நிறைமாதமாக இருந்தபோது வலி கண்டது. அங்கே ஆஸ்பத்திரி இல்லை. பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மலைச்சாலையில், பேருந்திலேயே பிள்ளை பிறந்தது, அழவில்லை. அதற்குப் பிறகு அவள் பேருந்துச் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்திவிடுவாள். இப்போது மறுபடி நிறைமாதம். இந்தத் தடவை முன்கூட்டியே அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. அவர்கள் தெருவின் கோடியிலேயே பிரசவ ஆஸ்பத்திரி. ஆறே கட்டில், ஒரு நர்சம்மா, சுண்ணாம்பு உதிர்கிற சுவர். ஆனாலும் ஊரில் பாதிப்பேர் அங்கேதான் முதல் மூச்சு விட்டவர்கள். ஹலோக்காரர் சாமியிடம் வேறொன்றும் கேட்கவில்லை. பிள்ளை அந்தக் கூரைக்குக் கீழே பிறந்து, ஒரு குரல் அழுதால் போதும்.

மாதக் கடைசி நாள் காலையில் மகளுக்கு வலி எடுத்தது. நடத்தியே கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்தார்கள். மதியம் சாய்கிற நேரத்தில் தெருமுனையில் மண்வாரி இயந்திரம் ஒன்று திரும்பியது. அதன் பின்னால் ஜீப்பில் ஓர் அதிகாரி. ஜீப்புக்குப் பின்னால் கொஞ்சம் போலீஸ். இயந்திரம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, இரும்புக் கையைத் தாழ்வாரத்துக் கூரைக்கு மேலே தூக்கிக்கொண்டது.

அதிகாரி கெட்டவர் இல்லை. தோல்பையிலிருந்து ஆணையை எடுத்து மரியாதையாகவே வாசித்துக் காட்டினார். சிறிய பிரசவ ஆஸ்பத்திரிகளைப் பெரிய நகரத்து ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடுவதாக முடிவாகிவிட்டது. கட்டடத்தை இன்று மாலை ஐந்து மணிக்குள் காலி செய்து இடித்துவிட வேண்டும். உள்ளே இருப்பவர்களை ஜீப்பில் நகரத்துக்கு அனுப்ப ஏற்பாடு உண்டு. மலைச்சாலை வழியாகத்தான்.

நர்சம்மா வெளியே வந்து, தலை இறங்கிவிட்டது, இந்த நிலையில் கட்டிலை விட்டு இறக்கினால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஹலோக்காரரின் மனைவி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள். தெரு கூடிவிட்டது. யாரைக் கேட்டு இடிக்கிறீங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள்.

அந்த நேரத்தில் உறுப்பினர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கையில் பை, பைக்குள் ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராக இருந்த அறிக்கை. அதிகாரியிடம் அவர் வாதாடியதைத் தெருவே கேட்டது. நாளைக் காலையிலிருந்து புதுச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பக்கத்தில் வேறு பிரசவ ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் இருப்பதை மூடக் கூடாது என்பது சட்டம். அதைச் சட்டசபையில் கொண்டுவந்ததே நான்தான். ஒரே ஒரு நாள் பொறுங்கள் என்றார். அதிகாரி தலையாட்டினார். நாளைக்குச் சட்டம் வருது, அதனாலதான் இன்னைக்கே முடிக்கச் சொல்லியிருக்காங்க, அஞ்சு மணி தாண்டிட்டா என் ஆணை வெறும் காகிதம், நான் போயிடுவேன், அதுவரைக்கும் அது ஆணை என்றார்.

தெருக்காரர்கள் உறுப்பினரின் பக்கம் திரும்பினார்கள். முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா ஐயா என்று தையற்காரம்மா கேட்டே விட்டாள்.

உறுப்பினர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"போன மாசம் சொன்னேனேம்மா. அதுக்கு முந்தின மாசமும் சொன்னேன். இடிக்கப் போறாங்க, எதிர்க்கிறவங்க எல்லாரும் செவ்வாய்க்கிழமை என்கூடத் தலைநகரத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். ஒருத்தர்கூடக் கை தூக்கல. சரி, ஜனங்க யோசிச்சு எடுத்த முடிவு போலன்னு நான் மட்டும் போய் அந்த ஆபீஸ் வாசல்ல நின்னுட்டு வந்தேன்."

தெருவில் ஒவ்வொருவரும் தங்கள் கால்விரலை எண்ணிப் பார்ப்பவர்கள் போலக் குனிந்துகொண்டார்கள்.

அதிகாரி உள்ளே இருப்பவர்களைத் தயார்ப்படுத்தச் சொல்லி அவகாசம் கொடுத்தார். ஒரு சிகரெட் நேரம். உள்ளேயிருந்து மகளின் முனகல் கேட்டது. ஹலோக்காரர் உறுப்பினரின் முழங்கையைப் பிடித்து வேலியோரம் கூட்டிப்போனார். இத்தனை வருடம் ஊரே கூட்டாகக் காப்பாற்றிய ரகசியத்தை இனி அவர் உடைத்தாக வேண்டும்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். அப்புறம் நீங்க என்னை மன்னிக்க வேண்டாம்."

"சொல்லுப்பா."

"உங்க அறிக்கையை யாரும் கேக்கறதில்ல."

"கேக்காம என்ன? கண்ணை மூடிக்கிட்டு..."

"தூங்குறாங்க ஐயா."

வேலியில் ஓர் ஓணான் தலையை ஆட்டிவிட்டு ஓடியது. உறுப்பினர் அது போன இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"தையற்காரம்மா மாசாமாசம் முதல் வரிசைல வந்து உக்காருவாங்களே."

"அங்கதான் ஐயா நிழல்."

"போன வருஷம் மந்திரி வந்தாரே. என் பக்கத்துல உக்காந்து எல்லாத்துக்கும் தலையாட்டினாரே."

"ஆட்டல ஐயா. விழுந்துச்சு."

"நீ?"

ஹலோக்காரர் சட்டைப்பையிலிருந்து இரண்டு பஞ்சு உருண்டைகளை எடுத்துக் காட்டினார். உறுப்பினர் அதில் ஒன்றை வாங்கி, உருட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் இருந்ததைப் பார்க்க மாட்டாமல் ஹலோக்காரர் இயந்திரத்தின் சக்கரத்தைப் பார்த்தார். இப்படியொரு மனிதரின் நெஞ்சில் கை வைத்துவிட்டோமே, இதற்கு நான் என்ன கதி அடையப் போகிறேனோ என்று அவருக்கு உடம்பு கூசியது. ஆனால் உறுப்பினர் கேட்டது வேறு.

"அஞ்சு மணி வரைக்கும்னா எத்தனை பக்கம் வேணும்?"

ஹலோக்காரரின் கடை நாலு வீடு தள்ளித்தான். ஆம்ப்ளிஃபயரும் புனல் ஸ்பீக்கரும் தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தன. ஸ்பீக்கரை மதில்மேல் ஏற்றி, வாயைத் தெருப் பக்கம் திருப்பிக் கட்டினார். உள்ளே விழித்திருக்க வேண்டியவர்கள் மூன்று பேர்: மகள், மனைவி, நர்சம்மா. ஆஸ்பத்திரிப் பஞ்சு டப்பாவைக் கவிழ்த்தால் மகளுக்கும் நர்சம்மாவுக்கும்தான் தேறியது. தன் உருண்டைகள் இரண்டையும் ஹலோக்காரர் மனைவியிடம் கொடுத்தார். அப்ப உங்களுக்கு என்று அவள் கேட்டாள். எனக்குப் பழக்கம் என்றார். அது பொய் என்பது இருவருக்கும் தெரியும்.

உறுப்பினர் அதிகாரியிடம் போய், வேலை தொடங்குவதற்கு முன் தொகுதி மக்களிடம் இந்த மாத அறிக்கையை வாசித்துவிடுகிறேன், என் கடமை என்றார். கொஞ்ச நேரம்தானே, படிச்சுக்குங்க என்று அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். பாவம், வெளியூர்க்காரர்.

"அன்பார்ந்த தொகுதி மக்களே. நிகழும் மாதத்திற்கான எனது பணிகள் குறித்த அறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன்."

தெருக்காரர்கள் பழகினவர்கள், நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்துவிட்டார்கள். போலீஸ்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தார்கள். அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார்; மாட்டுவதற்குள் தலை தொங்கிவிட்டது. இயந்திர ஓட்டுநர் கண்ணைக் கசக்கினான், கன்னத்தில் அறைந்துகொண்டான், இரண்டாவது அறை கன்னத்துக்கு வந்து சேரவில்லை. அவன் தூங்கியதும் இஞ்சின் இரண்டு முறை விக்கியது. பிறகு அதுவும் அடங்கியது. கூரைக்கு மேலே நின்ற இரும்புக் கை அங்குலம் அங்குலமாகத் தாழ்ந்து, நாய் முன்காலை நீட்டிப் படுப்பது போல மண்ணில் சாய்ந்தது.

புனல் ஸ்பீக்கர் பொல்லாதது. குரல் தெருவைத் தாண்டிச் சந்தைக்குப் போனது. அங்கே விலை பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர், கடைசி விலை என்னவென்று சொல்லாமலே உறங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற கயிற்றைப் பிடித்தபடி பியூன் தூங்க, பிள்ளைகள் மேசையில் கவிழ்ந்தார்கள். புறாக்கள் கூரையிலிருந்து இறங்கி, தூங்குபவர்களின் தோளில் ஆளுக்கொரு இடம் பார்த்து உட்கார்ந்தன. வழக்கமாகத் திடலோடு நிற்கிற குரல், காற்றும் கண் அயர்ந்துவிட்டதால் தடுக்க ஆளின்றி, ஊர் எல்லைவரை போயிற்று.

அப்போதுதான் அது நடந்தது. ஆலையின் சம்மட்டி விழ வேண்டிய நேரத்தில் விழவில்லை.

ஹலோக்காரர் அடுத்த அடிக்காகக் காத்திருந்தார். வரவில்லை. பிறந்ததிலிருந்து அவர் எலும்புக்குள் விழுந்துகொண்டிருந்த அடி. அது நின்றதும், உடம்பிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கிவைத்தாற்போல் இருந்தது. ஊர் அத்தனை பெரிதாக, அத்தனை வெறுமையாக விரிந்து கிடந்தது. இலை ஒன்று கிளையிலிருந்து பிரிவது கேட்டது. தரையில் போய்ப் படுப்பதும் கேட்டது. அவர் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. அந்த மௌனத்தின் நடுவே ஒரே ஒரு குரல், உழுத நிலத்தில் தண்ணீர் போவது போலப் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் குரல் இப்போது அவரையும் தேடி வந்தது. இமை கனத்தது. உதட்டைக் கடித்தார். வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தார், பதினாறில் வழுக்கியது. மனைவியிடம் வாங்கிய திட்டுகளை வரிசையாக நினைத்துப் பார்த்தார். அவையும் இன்றைக்கு இதமாகவே இருந்தன. கட்டைவிரல் குமிழிலிருந்து வழுகத் தொடங்கியது. வழுகினால் ஊளை. ஊளையிட்டால் ஊரே எழுந்துவிடும், இரும்புக் கையும் எழுந்துவிடும். இனிப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்ற இடத்தில், வேறு வழியில்லாமல், ஹலோக்காரர் முதல்முறையாக அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டார்.

"வடக்குத் தெருக் கைப்பம்பு. உதிரிப்பாகம் இல்லை என்று துறை தெரிவித்ததால், நானே சென்று வாங்கி வந்து ஒப்படைத்தேன். பம்பு இயங்குகிறது. பள்ளிக் கூரை ஒழுகுவது குறித்து மழையன்று சென்று பார்வையிட்டேன். என் சட்டை நனைந்ததையே சான்றாக அமைச்சரிடம் காட்டினேன். கூரை மாற்றப்பட்டது."

வடக்குத் தெருப் பம்பில்தான் ஹலோக்காரர் தினமும் குளிக்கிறார். அது தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தார். தூக்கம் ஒரு படி பின்வாங்கியது. ஒவ்வொரு வரியும் அவருக்குத் தெரிந்த ஒரு தெருவிளக்காக, ஒரு பாலத்துக் கைப்பிடியாக, தெரிந்த ஒரு கிழவியின் உதவித்தொகையாக இருந்தது. மழை பெய்வது மாதிரி, வெயில் அடிப்பது மாதிரி, ஊர் தன்பாட்டுக்கு நடக்கிறது என்று இத்தனை நாள் இருந்துவிட்டோமே. அத்தனைக்கும் பின்னால் இந்த ஒற்றை நாடி மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கியிருக்கிறாரே என்று வாய் பிளந்து கேட்டார்.

பக்கம் திரும்பியது.

"அடுத்து, அந்தக் குழந்தை தொடர்பாக. சென்ற ஆண்டு மலைச்சாலையில் பேருந்திலேயே பிறந்து இறந்த குழந்தையைப் பற்றி மாதந்தோறும் தங்களிடம் தெரிவித்து வருகிறேன். அதற்குப் பெயர் வைக்கப்படவில்லை என்பதால், மனுக்கள் அனைத்திலும் 'அந்தக் குழந்தை' என்றே குறிப்பிட்டேன். பெயரில்லாத ஒருவருக்காகச் சட்டம் இயற்ற இயலாது என்று சபையில் சிரித்தார்கள். பிறந்தவர் எவரும் இத்தொகுதியின் குடிமகனே என்று பதிலளித்தேன். சட்டம் நிறைவேறியது. அந்தக் குழந்தை தொடர்பான என் பணி, ஒன்றாம் தேதி முதல் சட்டமாக நடைமுறைக்கு வருகிறது."

குரலில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கைப்பம்பை வாசித்த அதே குரல்.

மாதந்தோறும் என்றாரே. என் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி, மாதம் தவறாமல் இந்த மனிதர் என் பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நானோ பஞ்சை அடைத்துக்கொண்டு ஜனத்தை வேடிக்கை பார்த்திருக்கிறேன். வாசித்து முடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் என் தோளை ஒருதரம் தொட்டுவிட்டுத்தான் அவர் மேடையிலிருந்து இறங்குவார். மைக்குக்கு நன்றி சொல்கிறார் என்றல்லவா நினைத்தேன். ஹலோக்காரரின் கண்ணிலிருந்து இறங்கியது மூக்கு நுனியில் நின்று, குமிழின்மேல் சொட்டியது. விரல் அசையவில்லை. இனி இடி விழுந்தாலும் அசைந்திருக்காது.

உள்ளே முனகல் ஏறியது. அறிக்கை தீர்ந்தது. வெயில் இன்னும் மதில்மேல் மிச்சமிருந்தது.

உறுப்பினர் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மனதில் இருப்பதைப் பேசத் தொடங்கினார். இந்த ஆஸ்பத்திரியில்தான் நானும் பிறந்தேன் என்றார். குரல் தழுதழுத்தது. ஆபத்து அங்கேதான். குரலில் ஒரு மேடு வந்த உடனே அதிகாரியின் புருவம் நெளிந்தது; ஒரு போலீஸ்காரர் புரண்டார்; இயந்திரம் உறுமிப் பார்த்தது. ஹலோக்காரர் பதறிப்போய், சும்மா இருந்த கையால் காகிதம், காகிதம் என்று சைகை காட்டினார். உறுப்பினருக்குப் புரிந்தது. கண்ணாடியை மாட்டினார், கவிழ்த்து வைத்த காகிதங்களை எடுத்து, படித்ததையே முதலிலிருந்து படித்தார். ஊர் மறுபடி ஒரு சுற்றுக் கீழே இறங்கியது. ஹலோக்காரர் மட்டும், அந்தக் குழந்தைப் பக்கம் எப்போது வரும் என்று காத்திருந்தார்.

அந்தப் பக்கம் இரண்டாம் தடவை வந்து, 'பிறந்தவர் எவரும்' என்ற இடத்தில் உறுப்பினர் மூச்செடுத்தபோது உள்ளே ஒரு பிள்ளை அழுதது.

அழுகை என்றால் அதுதான் அழுகை. அதே நொடியில் ஆலையின் ஐந்து மணிச் சங்கு தானாக ஊதியது. மலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற சங்கு. அன்றைக்கு ஒருவர் காதிலும் விழவில்லை. பிள்ளையின் குரல் அதற்குமேல் ஏறி நின்றது. புறாக்கள் கலைந்தன. பியூன் கயிற்றை இழுத்தான். சந்தையில் கடைசி விலை சொல்லப்பட்டது. நிறுத்திவைத்திருந்த சம்மட்டி விழுந்தது. தெரு விழித்தது, விழிப்பதற்கு முன்பே வழக்கப்படி கை தட்டிவிட்டது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், ஆணையைப் பார்த்தார், ஆணையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. இப்படித் தூங்கிப் பல வருஷம் ஆச்சுங்க என்று உறுப்பினரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். இயந்திர ஓட்டுநர், அடுத்த மாசம் எந்த இடத்துல பேசுவீங்க என்று விசாரித்துக்கொண்டு, வண்டியைச் சத்தமில்லாமல் பின்னால் எடுத்தான்.

தெருக்காரர்கள் உறுப்பினரின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவர் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைக்கப் போனார். ஹலோக்காரர் மரத்துப்போன விரலைக் குமிழிலிருந்து பிடுங்கி, ஸ்விட்சை அணைத்தார்.

"ஐயா. அந்தக் குழந்தைப் பக்கத்தை மட்டும் உள்ள வந்து ஒருதரம் படிங்க. மைக் வேண்டாம்."

"நீ தூங்கலியா?"

"இல்ல ஐயா."

உறுப்பினர் செருப்பை வாசலில் கழற்றினார். ஆறு கட்டிலில் ஒன்றில் மகள் சாய்ந்திருந்தாள். மார்பில் துணி சுற்றிய பிள்ளை. பக்கத்தில் அம்மா. நர்சம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். ஹலோக்காரர் ஒன்றும் விளக்கவில்லை. காதில் இருக்கிறதை எடுங்க என்று மட்டும் சைகை காட்டினார். மூவரும் பஞ்சை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பிள்ளையும் அழுகையை நிறுத்திவிட்டு, கறுத்த கண்ணைத் திறந்துகொண்டு குரல் வரும் பக்கம் திரும்பியது.

உறுப்பினர் அந்தப் பக்கத்தை உருவி, கண்ணாடியைச் சரிசெய்து, "அந்தக் குழந்தை" என்று தொடங்கினார். அடுத்த சொல்லில் அவருக்கு நாக்குக் குழறியது. காகிதத்துக்கு மேலே பார்த்தார். மறுபடி தொடங்கினார், மறுபடி குழறியது. இத்தனை கண்கள் திறந்திருக்க வாசித்து அவருக்குப் பழக்கமில்லை.